ஒன்பது நாளும் ஒரு லாரிக் கறியும்

"கண்டிப்பா போட்டுடலாம் ஐயா. ஸ்டேக்தானே? ஜமாய்ச்சுடலாம். நீங்க வந்தா போதும்" என்று சொல்லி, எதிர்ச் சுவருக்கு ஒரு கும்பிடு போடாத குறையாக, ஹெஷி ப்ளாட்கின் போனை வைத்தார்.

சமையல்காரர் செலிக் வாசலில் நின்றிருந்தார். கையில் மாக்ரோனித் தட்டு. நேற்று வரைக்கும் கோழி வறுத்த கை.

"யாருக்கு ஸ்டேக்?"

"லெம்பர்கர் ஐயா புதன்கிழமை வரார்யா! பையன்கள் எல்லாருக்கும் தடிமனா ஒரு துண்டு ஸ்டேக் போடணுமாம். கறியை அவரே லாரியில அனுப்பிடறாராம். 'மத்ததை நேர்ல பேசிக்கலாம்'னு வேற சொன்னார். இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

செலிக் தட்டை மேசை மேல் வைத்தார். "புதன்கிழமையா?"

"ஆமா, புதன்கிழமை."

"ஒன்பது நாள் நடந்துக்கிட்டிருக்கு, ரெப் ஹெஷி."

ஹெஷியின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

ஆவ் மாதம் பிறந்துவிட்டால் யூதர்களுக்கு ஒன்பது நாள் துக்கம். ஜெருசலேம் ஆலயம் இடிந்த நாள் வரைக்கும் கறி கிடையாது, திராட்சை ரசம் கிடையாது, பாட்டு கிடையாது, ஏரியில் குளியல் கிடையாது, துணி துவைப்பதும் கிடையாது. பையன்களின் கோடைக் கேம்ப்பான நஃப்தாலியில், முதல் பங்க் என்ற குடிலில் படுத்துறங்கும் ஏழு வயசுப் பொடியனுக்குக்கூட இது தெரியும். டைரக்டர் ஹெஷிக்குத் தெரியாமல் போகவில்லை. பணக்காரர் குரல் காதில் விழுந்தால் ஹெஷிக்குக் காலண்டர் மட்டுமல்ல, சொந்தப் பெயரே மறந்துபோகும், அவ்வளவுதான்.

"திரும்பப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. இது என்ன பெரிய விஷயம்?" என்றார் செலிக்.

"என்னன்னு சொல்றது? 'ஐயா, உங்களுக்கு ஒன்பது நாள் வந்ததுகூடத் தெரியல, நீங்க ஒரு தற்குறி'ன்னா? நல்லாருக்குய்யா யோசனை! போன வருஷம் பெண்கள் கேம்ப்ல சூப் ஆறிப்போச்சுன்னு டைரக்டரையே மாத்தினவர் அவர். இந்த நிலம் அவரோடது. அந்த ஏரி அவரோடது. என் நாற்காலியும் அவரோடதுதான்."

உண்மைதான். அடுத்த கோடைக்கு இளைஞர் ஒருவரை டைரக்டராகப் போடலாமா என்று கமிட்டியில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கேம்ப்பை விட்டால் ஹெஷிக்கு ப்ரூக்ளினில் மைத்துனனின் மெத்தைக் கடைதான் கதி. மெத்தை விற்பதை நினைத்தாலே அவருக்கு முதுகு வலித்தது. மலைக்காற்றில் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து நானூறு பேரை அதட்டிப் பழகிய ஆசாமி, கடைக்கு வருகிற கிழவிகளிடம் குழைந்து நிற்க முடியுமா?

"லெம்பர்கருக்கு என்ன தெரியும்? ஜன்னல் திரை விற்கிற ஆள். பணம் இருக்கு, தலையில ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி ஆளுங்களைத் திருத்த முடியாது, திருப்திப்படுத்தத்தான் முடியும்" என்று ஹெஷி முடிவு கட்டினார்.

மறுநாள் லாரி வந்தது. கறி வைக்கும் ஃப்ரீஸரை, ஒன்பது நாளும் அது வேலையில்லாமல் மின்சாரம் தின்னும் என்று, ஹெஷியே முந்தின வாரம் அணைக்கச் சொல்லியிருந்தார். மறுபடி போட்டால் புகைதான் வந்தது. ஏரியில் குளியல் இல்லாததால் படகுகள் கரையில் சும்மா கிடந்தன. ஹெஷி அவற்றை ஐஸ்கட்டியால் நிரப்பச் சொன்னார், கறிப் பொட்டலங்களை அதில் புதைத்தார், மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

பையன்கள் பார்த்துவிட்டார்கள்.

எந்தக் கேம்ப்பிலும் ஒரு நாள் எதிர்பாராமல் கலர் வார் வெடிக்கும். கேம்ப் இரண்டு அணியாகப் பிரிந்து மூன்று நாள் மோதிக்கொள்ளும். அது எப்போது வரும், எப்படி வரும் என்பது டைரக்டருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒரு வருஷம் பொய்த் தீ விபத்தாக வரும், ஒரு வருஷம் பொய்ப் போலீஸாக வரும். அதனால் கோடை முழுக்க எது நடந்தாலும் பையன்களுக்கு அதுதான் சந்தேகம். மழை பெய்தாலும் கலர் வார். ரொட்டி கருகினாலும் கலர் வார். இப்போது ஏரிக்கரையில் தார்ப்பாய் போர்த்திய படகுகள்! ஐந்து நிமிஷத்தில் நூறு பேர் கரையில் நின்று, "கலர் வார்! கலர் வார்!" என்று கத்தினார்கள்.

"டேய், அது கறிடா! வெறும் கறி!" என்று ஹெஷி ஒலிபெருக்கியில் கத்தினார்.

ஒன்பது நாளில் கறியா? பையன்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

ஹெஷி கேம்ப்பின் மதகுருவான ரப்பியைத் தேடிப் போனார். ரப்பி ஹால்ட்மன் மரத்தடியில், துவைக்காத சட்டையோடு, புத்தகத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரப்பி, ஒரு வழி சொல்லுங்க. புதன்கிழமை கறி சாப்பிடணும்."

"வழி இருக்கே. யாராவது தல்மூத் சாத்திரத்துல ஒரு பாகத்தை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சு முடிச்சா, அது விருந்துக்கான சந்தோஷம். சியும்ங்கற முடிப்பு விழா பண்ணலாம். கூட இருக்கறவங்க எல்லாரும் கறி சாப்பிடலாம். நிஜமாப் படிச்சு முடிச்சிருக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க ஏதோ முடிக்கறதா சொன்னீங்களே?"

"வெள்ளிக்கிழமையே முடிச்சாச்சு. மீன் வறுவல் போட்டாங்க."

"அடுத்த பாகம்?"

"ஆரம்பிச்சிருக்கேன். நூத்தி எழுபத்தாறு ஏடு. பனி விழறப்ப வா" என்று ரப்பி பக்கத்தைப் புரட்டினார்.

பன்னிரண்டாம் பங்க்கின் மேற்பார்வையாளன் துவியா செவ்வாய்க்கிழமை ஒரு பாகத்தை முடிக்கப் போகிறான் என்று செலிக் துப்புக் கொண்டுவந்தார். ஹெஷி அவனைச் சாப்பாட்டுக்கூட வாசலிலேயே மடக்கினார்.

"துவியா, கண்ணு, கடைசிப் பக்கத்தைப் புதன்கிழமைக்கு நிறுத்தி வை. லெம்பர்கர் ஐயா முன்னாடி நீ சியும் பண்ற. உன் போட்டோவைப் பத்திரிகையில போட வைக்கறேன்."

"முடியாது ரெப் ஹெஷி. செவ்வாய்க்கிழமை ப்ரூக்ளின்ல என் வருங்கால மாமனார் வீட்டுல முடிக்கறதா வாக்குக் குடுத்துட்டேன். எழுபது பேரைக் கூப்பிட்டிருக்கார்."

இதமாகப் பேசியிருந்தால் பையன் மாமனாரிடம் கேட்டுப் பார்த்திருப்பான். ஹெஷிக்கு இதமாகப் பேசுவது கமிட்டிக்காரர்களிடம் மட்டும்தான் வரும். "உனக்கு லீவு கிடையாது" என்றார்.

"நிச்சயம் ஆனவனுக்கு லீவு கிடையாதா?"

"கேட்டைத் தாண்டினே, திரும்பி வராதே!"

"சரி" என்றான் துவியா. சாயங்காலமே பெட்டியோடும் புத்தகத்தோடும் கேட்டைத் தாண்டிவிட்டான். பன்னிரண்டாம் பங்க்கில் பத்து வயசுப் பயல்கள் மேய்ப்பார் இல்லாமல் நின்றார்கள். மேற்பார்வையாளனே மறைந்துபோனால் அது வேறு என்ன? கலர் வார்தான். அவனைத் தேடுவதுதான் முதல் போட்டி என்று அவர்களாகவே தீர்மானித்து, அலமாரிகளையெல்லாம் கவிழ்த்தார்கள். பக்கத்துப் பங்க்குகளும் சேர்ந்துகொண்டன.

"இப்ப என்ன பண்றது?" என்றார் செலிக், கவிழ்ந்த அலமாரியை நிமிர்த்தியபடி.

"ஃபிஷல்கிட்டப் போறேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கக் கேம்ப்பின் டைரக்டர் ஃபிஷல் க்ரோனும் ஹெஷியும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் ஆரம்பித்த பகை அது. வளர்ந்த மனிதர்கள், தாடி நரைத்தவர்கள்.

ஃபிஷல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து செர்ரிப்பழம் தின்றுகொண்டிருந்தார். "அட, யாரு இது! பந்து உள்ள விழுந்ததுன்னு ஒத்துக்க வந்தியா?"

"ஒரு உதவி வேணும்யா. உங்க கேம்ப்ல யாராவது சியும் பண்றாங்களா?"

"என் மருமகன் பண்றான். ராத்திரி பகலாப் படிக்கறான். முடிக்கற நிலைமையிலதான் இருக்கான். கடனாத் தரேன், ஆனா என் பையன்களும் விருந்துக்கு வருவாங்க. நாங்க மட்டும் சீஸைத் தின்னுட்டு உங்க வீட்டுக் கறி வாசனையை மோந்துக்கிட்டு இருக்கணுமா?"

"எத்தனை பேர்?"

"எல்லாரும்தான். அப்புறம், பந்து உள்ளதான் விழுந்தது."

ஹெஷி பல்லைக் கடித்தார். மெத்தைக் கடை கண்முன் வந்துபோனது. "உள்ளதான் விழுந்தது" என்றார்.

திரும்பி வந்து செலிக்கிடம் சொன்னபோது, அவர் தலையில் கை வைத்தார். "இருக்கற கறி நம்ம பையன்களுக்கே அளவா இருக்கு."

"ஒவ்வொண்ணையும் ரெண்டா வெட்டு."

"ரெண்டா வெட்டினா ஸ்டேக் எங்க இருக்கும்? சவரக்கத்தி கனத்துல ஒரு தோல் இருக்கும்."

"மேல வெங்காயத்தைக் கொட்டி மூடு. பணக்காரனுக்கு வெங்காயத்துக்குக் கீழ என்ன தெரியும்?"

புதன்கிழமை பகல் முழுக்கச் செலிக் வெட்டினார். சாயங்காலம் கரி அடுப்புகள் எரிந்தன. சொன்னபடி ஃபிஷலின் படை ரோட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தது. எதிர்க் கேம்ப் முழுசாகத் தங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்குள் வருவதைப் பார்த்த நஃப்தாலிப் பையன்களுக்குத் துளிச் சந்தேகமும் மிச்சமில்லை. பெஞ்சுகள் மேல் ஏறி நின்று, "கலர் வார்! அவங்களுக்கு எதிரா!" என்று கூவினார்கள். மாக்ரோனி பறந்தது. அதை நிறுத்தவே ஹெஷிக்கு அரைமணி ஆனது, தொண்டையும் போனது.

"ஃபிஷல், மருமகன் எங்கய்யா?"

"வந்திருக்கான். அதோ, மூணாவது மேசை."

"முன்னாடி வரச் சொல்லு. லெம்பர்கர் ஐயா கார் கேட் கிட்ட வந்தாச்சு."

ஃபிஷல் தொண்டையைச் செருமினார். "அவன் மதியமே சியும் பண்ணிட்டான்."

"என்னது?"

"மதியம் எங்களுக்கு ஹாட் டாக் லாரி வந்துடுச்சு. சூடா இருக்கும்போது சாப்பிட்டாத்தானே ருசி? அவன் முடிச்சான், நாங்க சாப்பிட்டோம். அதுக்காக உன் விருந்துக்கு வராம இருக்கறது மரியாதையா சொல்லு? கூப்பிட்டது கூப்பிட்டதுதானே!"

ஃபிஷலை அந்த இடத்திலேயே கழுத்தை நெரிக்க ஹெஷிக்குக் கை பரபரத்தது. துக்க நாள், அதுவும் பையன்கள் முன்னால். விட்டுவிட்டார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உள்ளே இரண்டு கேம்ப்புப் பையன்கள், வெளியே பொசுங்கும் கறி, சியும் பண்ண ஆளில்லை. ஹெஷியின் புத்தி அப்போது வேலை செய்த விதத்தை என்னவென்று சொல்வது? மனிதன் மாட்டிக்கொண்டால் உண்மையைச் சொல்லலாம் என்ற ஒரு வழி உலகத்தில் இருக்கிறது. அது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

பின்கதவு வழியாகப் படிப்பு மண்டபத்துக்கு ஓடினார். அந்த மண்டபம் லெம்பர்கரின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் கட்டியது. அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில் அந்தப் பெரியவரே கையாண்ட தல்மூத் புத்தகம் ஒன்று, கீழே பித்தளைப் பட்டயத்தோடு, கண்காட்சிக்கு இருந்தது. விவாகரத்துச் சட்டம் பற்றிய பாகம். என்ன பாகமாக இருந்தால் என்ன? அப்பா புத்தகத்திலேயே சியும்! கல்லும் கரையுமே! சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஹெஷி ஒரு பிரார்த்தனை மேசையின் காலால் கண்ணாடியைத் தட்டி உடைத்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

ரப்பி ஹால்ட்மன் சாப்பாட்டுக்கூட வாசலில் எதிரே வந்தார். "ஹெஷி? சியும் யாரு?"

"நான்தான்."

ரப்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? எப்பப் படிச்சே?"

"ராத்திரியில. யாருக்கும் தெரியாம. தற்பெருமை கூடாது பாருங்க."

"முழுசும்?"

"முழுசும்."

"ஒரு யூதன் வாயால சொன்னா நான் நம்பித்தான் ஆகணும்" என்றார் ரப்பி. நம்பின முகமாக இல்லை. "பாவம் இருந்தா அது உன் தலையில."

லெம்பர்கர் தலைமேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவி ஃப்ரீடா ஓரமாகப் பெண்களுக்கான சின்ன மேசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஹெஷி புத்தகத்தோடு மேடை ஏறுவதைப் பார்த்ததும் லெம்பர்கரின் கண்கள் அகல விரிந்தன. மாட்டிக்கிட்டார், என்று ஹெஷி மனசுக்குள் குதித்தார்.

லெம்பர்கர் எழுந்தார். "ஹெஷி, அந்தப் புஸ்தகம்... நான் ஒரு வார்த்தை சொல்லணும்..."

"உட்காருங்க ஐயா, உட்காருங்க! நீங்க விருந்தாளி. உங்களை எழுந்திரிக்க விடுவேனா?" ஹெஷி அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். "பேச்செல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். கறி ஆறிடும்."

பிறகு ஒலிபெருக்கியை வாங்கி முழங்கினார். "பிள்ளைகளே! நம்ம லெம்பர்கர் ஐயாவோட தகப்பனார், அந்த மகான் நினைவா, நான் வருஷக்கணக்கா ராத்திரி தூக்கத்தைத் தியாகம் பண்ணி, இந்தப் பாகத்தை முழுசா படிச்சு, இன்னைக்கு உங்க முன்னாடி முடிக்கறேன்!"

பையன்கள் கைதட்டினார்கள். சிலர் இன்னும் கலர் வார் அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள்.

ஹெஷி கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எழுத்துகள் அவரைப் பார்த்தன, அவர் எழுத்துகளைப் பார்த்தார். வாய்க்கு வந்த ராகத்தில் இழுத்து, தெரியாத சொற்களை இருமலில் மறைத்து, வரி தாண்டி வரி பாய்ந்து ஒருவழியாகக் கடைசிக்கு வந்தார். முதல் மனைவியைத் தள்ளி வைக்கிறவனுக்காகப் பலிபீடமே கண்ணீர் விடும் என்று அந்தப் பாகம் முடிகிறது. அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார். "ஆகவே பிள்ளைகளே, உங்க மனைவிமார்கிட்ட எப்பவும் அன்பா இருக்கணும்." பத்து வயசுப் பயல்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள்.

இடையில் ஓரக்கண்ணால் தலைமேசையைப் பார்த்தார். லெம்பர்கர் ஒரு கையால் கண்ணைப் பொத்தியிருந்தார். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடியது, உதடுகள் அசைந்தன. உருகிட்டார், அழறார், அடுத்த வருஷம் நாற்காலி எனக்குத்தான், என்று ஹெஷிக்கு மனசு குளிர்ந்துபோனது. முடிவு வழிபாட்டை இரட்டிப்புச் சத்தத்தில் சொன்னார். ஐந்து இடத்தில் தடுக்கினார். செலிக் கதவைத் திறக்க, வெங்காய வாசனை உள்ளே வந்தது, பையன்கள் பாய்ந்தார்கள்.

தோல் கனத்துக் கறிதான். ஆனாலும் நாலு நாள் சீஸ் தின்ற நாக்குக்கு அது அமிர்தம். ஹெஷி தனக்கென்று வெட்டாத முழுத்துண்டு ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். அதைப் பெரிதாக ஒரு வாய் அடைத்துக்கொண்டு திரும்பினால், தலைமேசையில் லெம்பர்கர் இல்லை. தட்டு வைத்தபடி இருந்தது.

ஹெஷி தட்டும் கையுமாகக் கார் நிற்கும் இடத்துக்கு ஓடினார். லெம்பர்கர் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஃப்ரீடா வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, ஐயா ஒரு துண்டுகூடத் தொடலையே! சரியா வேகலையா?"

"அவருக்குக் கறி ஆகாது. டாக்டர் நிறுத்திப் பல வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கும்மா ஒரு லாரி அனுப்பினார்?"

ஃப்ரீடா அவரைப் பார்த்த பார்வை, செலிக் கெட்டுப்போன மீனைப் பார்க்கும் பார்வை. "ஒன்பது நாள் நடுவுல ஒருத்தர் கறி அனுப்பினா எதுக்குன்னு நினைச்சீங்க? அவருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதுன்னா?"

ஹெஷி அதைத்தான் நினைத்திருந்தார். வாயில் இருந்த கறியை மெல்லுவது நின்றுபோனது.

"மாமனார் அந்தப் புஸ்தகத்தைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். இவர் நாலு வருஷமா, கடையை மூடிட்டு வந்து, தப்பும் தவறுமா ஒவ்வொரு ஏடாப் படிச்சார். கடைசி நாலு வரியை மட்டும் மிச்சம் வச்சு, அதை அப்பா புஸ்தகத்தைத் திறந்தே இந்தப் பிள்ளைங்க முன்னாடி முடிக்கணும்னு வந்தார்."

"எனக்குத் தெரியாதேம்மா... நானும் படிச்சுத்தான்..."

"நீங்க படிக்கலைன்னு நீங்க வாயைத் திறந்ததுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு." ஃப்ரீடா கார்க் கதவைத் திறந்தாள். "இத்தனை பிள்ளைங்களும் தெரியாம பாவத்தைத் தின்னுடப் போறாங்களேன்னு, நீங்க அங்க முழங்கிட்டிருந்தப்ப, பெஞ்சுல உட்கார்ந்தபடியே அந்த நாலு வரியையும் வாய்க்குள்ளயே சொல்லி முடிச்சுட்டார். முழுங்குங்க, முழுங்குங்க, உங்க வாயில இருக்கறதுகூட அவர் பண்ணின சியும்தான்."